மாலையிட்ட படம்

நான் காலமாகிவிட்டதைக் கேள்வியுற்றுத் துக்கம் விசாரிக்கும் பொருட்டு, தஞ்சாவூரில் வசிக்கும் என் ஒன்றுவிட்ட தமக்கை முந்தாநாள் காலையில், அதாவது நான் பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு இரண்டாவது காப்பியை எதிர்நோக்கியிருந்த சுபவேளையில், தொலைபேசியில் அழைத்தாள். எடுத்தவன் நானே. நான் ‘ஹலோ’ என்ற மாத்திரத்தில் மறுமுனையில் ஒரு விம்மல் எழுந்து அடங்கி, “பெரியவனா பேசறே? அப்பா குரல் அப்படியே உனக்கு வந்திருக்குடா, கண்ணா. அம்மாகிட்ட போனைக் கொடு” என்று உத்தரவாயிற்று. “அக்கா, நான்தான் பேசறேன்” என்று மிகுந்த விநயத்துடன் தெரிவித்துக்கொண்டேன். நீண்ட மௌனம். தம்பி உயிரோடிருக்கிறான் என்று அறிந்த தமக்கைக்கு ஆனந்தம் பொங்கி வரும் என்று எதிர்பார்ப்பது மனித சுபாவம் அல்லவா? வந்தது என்னவோ குற்றச்சாட்டுத்தான். “அப்ப அந்த மாலை?” என்று கேட்டாள்.

அந்த மாலைக்குப் பொறுப்பாளி எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருக்கும் ஒரு வாலிபன். பொறியியல் படித்தவன், உத்தியோகமும் பார்க்கிறான், பெரியவர்களைக் கண்டால் படிக்கட்டில் ஒதுங்கி நிற்கும் மரியாதை தெரிந்தவன். இத்தனை லட்சணங்களும் பொருந்திய பிள்ளைக்கு, குறும்படம் எடுத்து இணையத்தில் ஏற்றும் வியாதி எவ்விதம் தொற்றியது என்று விசாரிப்பதில் பயனில்லை. இக்காலத்தில் அது தொற்றாத வீடு அநேகமாக இல்லை. நான் இல்லாத வேளை பார்த்து அவன் வந்து, “ஆன்ட்டி, அங்கிளோட போட்டோ ஒண்ணு வேணும், சின்ன ஷாட்தான்” என்று கேட்டிருக்கிறான். கணவனின் முகத்துக்கு இந்த வயதில் இப்படியொரு கிராக்கி ஏற்பட்டதே என்ற பூரிப்பில், என் மனைவியும் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்ததைச் சட்டத்தோடு கழற்றிக் கொடுத்துவிட்டாள். அது திரையில் வரும்போது, கண்ணாடியின்மேல் என் நெற்றிக்கு நேராக ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவே குங்குமம், தோளுக்குத் தோள் ஒரு சந்தன மாலை, கீழே மினுக் மினுக்கென்று ஒரு சிவப்பு விளக்கு. கதாநாயகன் அண்ணாந்து பார்த்து, “தாத்தா, நீங்க மட்டும் இருந்திருந்தா...” என்று கண் கலங்குகிறான், காமிரா ஊர்ந்து ஊர்ந்து என் மூக்குவரையில் வந்து நிற்கிறது. “முகம் நல்லாத்தான் விழுந்திருக்கு” என்பது என் மனைவியின் விமரிசனம். தாத்தா என்று அழைத்ததையாவது அவள் ஆட்சேபித்திருக்கலாம்.

இந்தப் படங்களைப் பற்றி வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியது ஒன்றுமில்லை. குடும்ப வாட்ஸப் குழுவில் லிங்க் வந்து விழுந்த அரை நிமிஷத்துக்குள், ஏழு நிமிஷப் படத்தை ‘அருமை, கண் கலங்கிவிட்டது’ என்று சிலாகித்து, கைகூப்பும் பொம்மை மூன்றையும் சேர்த்து அனுப்பும் வித்தையில் தாங்கள் என்னைவிடக் கைதேர்ந்தவர்கள் என்பதை நான் அறிவேன். என் தமக்கை ஒருத்திதான் உண்மையிலேயே திறந்து பார்த்திருக்கிறாள். அதனால்தான் இவ்வளவு விபரீதமும். நிற்க. இப்படங்களை எடுக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்பும் யோசனை ஒன்றே ஒன்று உண்டு. காசு செலவில்லாதது; கைக்கொண்டால் கலைக்கும் நன்மை, அண்டை வீட்டாருக்கும் நன்மை. அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன் என்றாலும், அதற்குமுன் சில வார்த்தைகள்.

படம் குறுகியிருப்பதில் எனக்கு யாதொரு ஆட்சேபமும் கிடையாது. சினிமா பிறந்ததே அப்படித்தான். 1895ஆம் வருஷம் டிசம்பர் 28ஆம் தேதி, பாரிஸ் நகரத்துக் காப்பி ஹோட்டல் ஒன்றின் கீழறையில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டிய பத்துப் படங்களில் ஒன்றாவது ஒரு நிமிஷத்தைத் தாண்டியதாகச் சொல்லமுடியாது. சுமார் 17 மீட்டர் சுருள், கையால் சுற்றும் பெட்டி. சுருள் தீர்ந்தால் கதையும் தீர்ந்தது. அவற்றுள் ஒன்றில் ஒரு தோட்டக்காரன் செடிகளுக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறான், பொல்லாத பையன் ஒருவன் பின்னால் வந்து குழாயை மிதிக்கிறான், நீர் நின்றுபோன காரணம் விளங்காமல் குழாயின் வாயைத் தன் முகத்துக்கு நேரே பிடித்து ஆராய்கையில் பையன் காலை எடுக்கிறான், அபிஷேகம், துரத்திப் பிடித்து முதுகில் இரண்டு. ஆரம்பம், சிக்கல், திருப்பம், தண்டனை ஆகிய யாவும் ஒரு நிமிஷத்துக்குள் அடங்கிவிட்டன. குழாய் கொடுத்துதவிய அண்ணனுக்கு நன்றி என்று கடைசியில் ஒரு அட்டை வரவில்லை. பத்து வருஷம் கழித்து, 1905இல், திருச்சிராப்பள்ளியில் ரயில்வே உத்தியோகஸ்தராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் யந்திரத்தையும் சுருள்களையும் விலைக்கு வாங்கி, கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டபோது, அந்தத் துண்டுப் படங்களை ஜனங்கள் காசு கொடுத்து, உட்கார்ந்து, முழுவதும் பார்த்தார்கள். நாம் காசில்லாமல் வருவதைப் படுத்துக்கொண்டு, அதையும் பாதியில் கட்டைவிரலால் மேலே தள்ளிவிடுகிறோம்.

என் வருத்தமெல்லாம் படத்தின்மேல் அல்ல. அதற்கு முன்னாலும் பின்னாலும் வருவனவற்றின் மேல்தான். மூன்றாவது மாடிப் பிள்ளையின் சிருஷ்டியையே எடுத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் பிரபஞ்சம் முழுவதும் இருள். இடி முழங்குகிறது. ஒரு பொற்கழுகு பூமியை மும்முறை பிரதட்சிணம் செய்து, இமயமலைபோன்ற சிகரத்தில் இறங்கிச் சிறகை விரிக்க, தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் தீப்பிழம்பாக எழுகிறது. அந்த நிறுவனம் எங்கள் மாடியில், துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்து அறையில் இருக்கிறது. அது அடங்கியதும் ‘இணைந்து வழங்கும்’ என்று இன்னொரு நிறுவனம், அதற்கு யானை. அப்புறம், புகை பிடித்தல் புற்றுநோயை உண்டாக்கும் என்ற எச்சரிக்கை. படம் முழுவதிலும் புகைந்தது எனக்கு ஏற்றிய ஊதுபத்தி ஒன்றுதான். அப்புறம், இப்படத்தில் பிராணிகள் எவையும் துன்புறுத்தப்படவில்லை என்ற பிரமாணம். படத்தில் பல்லிகூடக் கிடையாது. அப்புறம், இதில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே, உயிரோடிருப்பவர்களையோ இறந்தவர்களையோ குறிப்பன அல்ல என்ற பிரகடனம். இதைப் படித்தபோதுதான் எனக்குச் சற்றே தலை சுற்றிற்று; ஏனெனில் உயிரோடிருப்பவனும் அல்லாமல் இறந்தவனும் அல்லாமல் மூன்றாவதாக ஒரு ஜாதியில் என்னைச் சேர்த்து, அதற்குச் சட்ட பாதுகாப்பும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் ஆனபிறகு பெயர்கள். நம்மூர்க் கல்யாணப் பத்திரிகையில், மணமக்களின் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள், தாய்வழிப் பாட்டனார், தந்தைவழிப் பாட்டனார், பெரியப்பாமார், ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ சுற்றமும் நட்பும், அவர்களில் விட்டுப்போனால் பந்தியில் உட்காராமல் எழுந்து போகக்கூடிய சித்தப்பா ஆகிய சகலரையும் கடந்து வர வேண்டியிருப்பதை அறிவோம். அந்தப் பத்திரிகையை எழுதிய கைதான் இந்தப் பட்டியலையும் எழுதியிருக்க வேண்டும். கதை இன்னார். அட்டை மாறுகிறது. திரைக்கதை அதே இன்னார். வசனம், படத்தொகுப்பு, வண்ணச் சீரமைப்பு, விளம்பர வடிவமைப்பு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அட்டை, ஒவ்வொன்றிலும் அதே இன்னார். கடைசியில் ‘ஒரு இன்னார் படைப்பு’ என்று, சந்தேகம் நீங்காதவர்களுக்காக மறுபடியும் ஒருமுறை. இணை இயக்குநர்கள் மூவர், துணை இயக்குநர்கள் நால்வர். படத்தில் நடித்தவர்கள் இருவர், என்னைச் சேர்க்காமல். முடிவில் நன்றி. அப்பா அம்மாவுக்கு நன்றி, நியாயம். மொட்டை மாடிச் சாவி கொடுத்த செயலாளருக்கு நன்றி, சரி. மோட்டார் சைக்கிள் கொடுத்தவருக்கும், அதற்குப் பெட்ரோல் போட்டவருக்கும் தனித்தனியாக நன்றி. வெளிச்சம் திருப்புவதற்குத் தெர்மோகோல் அட்டை பிடித்தவருக்கு நன்றி, இறைச்சிக் கடைக்கு எதிர்த்தாற்போலுள்ள டீக்கடைக்கு நன்றி, பிரியாணி வழங்கிய மச்சானுக்கு நன்றி, ‘எங்களை நம்பாத அனைவருக்கும்’ நன்றி, பிரபஞ்சத்துக்கு நன்றி. நான் திரையை நிறுத்தி நிறுத்தி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தேன். என் மனைவி பெயர் இருக்கிறது. என் சாய்வு நாற்காலிக்கு, ‘கலைப்பொருள் உதவி: முதல் மாடி’ என்று ஒரு வரி இருக்கிறது. என் பெயர் இல்லை. இறந்தவர்களுக்கு நன்றி சொல்வது வழக்கமில்லை போலும். ஆஸ்கார் பரிசளிக்கும் அமெரிக்க அகாடமி, பெயர்ப் பட்டியலையும் கணக்கில் சேர்த்தே நாற்பது நிமிஷத்துக்கு மேற்படாததைக் குறும்படமென்று விதித்திருக்கிறது. அந்த ஊரிலும் மூன்றாவது மாடிகள் உண்டு என்று தெரிகிறது.

நடுவில் வரும் படத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அலாரம் அடிக்கிறது, கதாநாயகன் எழுகிறான், பல் துலக்குகிறான், ஜன்னலைப் பார்க்கிறான், பியானோ அழுகிறது. கடைசியில் பார்த்தால் அவனே இறந்துபோனவன். பிறகு கறுப்புத் திரையில், காலஞ்சென்ற பெரியவர் ஒருவர் அருளியதாக ஒரு வாசகம்.

பிள்ளைகளை மாத்திரம் குற்றம் சொல்லி என்ன? ஜெயித்துக் காட்டியவர்களை அல்லவா முதலில் கேட்க வேண்டும்! கலைஞர் தொலைக்காட்சியில் ‘நாளைய இயக்குநர்’ என்று ஒரு போட்டி நடந்தது. அதில் குறும்படம் எடுத்த கார்த்திக் சுப்புராஜ் 2012இல் ‘பீட்சா’ எடுத்தார், நலன் குமரசாமி 2013இல் ‘சூது கவ்வும்’ எடுத்தார். யூடியூபில் குறும்படமாக ஓடிய ‘காதலில் சொதப்புவது எப்படி’யை, பாலாஜி மோகன் 2012இல் அதே பெயரில் பெரிய படமாகவே எடுத்துவிட்டார். நல்ல படங்கள், ரசித்துத்தான் பார்த்தேன். ஆனால் இந்த மூன்று பேர் கரையேறியதைக் கண்டுவிட்டு, நாட்டிலுள்ள தாய்மார்கள் யாவரும் தத்தம் புத்திரர்களுக்காகச் சீட்டுப் பணத்தை எடுத்துக் காமிராவுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2008இல் கேனான் கம்பெனியார், போட்டோ எடுக்கும் 5டி மார்க் 2 காமிராவிலேயே சினிமாவுக்கொப்பான அசையும் படமும் எடுக்கலாம் என்று வழி செய்துவிட்ட நாள் தொட்டு, முகம் பளிச்சென்றும் பின்புறம் பனிமூட்டமாகவும் இருந்தால் அதுவே கலை என்று ஆகிவிட்டது. அந்தப் பனிமூட்டத்துக்குள் எங்கோ என் சாய்வு நாற்காலி இருக்கிறது.

இப்போது அதற்கும் மேலே ஒருபடி போய், படத்தை நட்டமாக நிறுத்திவிட்டார்கள். 2020 செப்டம்பரில் யூடியூப் தன் ‘ஷார்ட்ஸ்’ வியாபாரத்தை உலகத்திலேயே முதன்முதலாக நம் தேசத்தில்தான் பரீட்சித்துப் பார்த்தது. அதிகம் போனால் அறுபது விநாடி கெடு, அதுவும் ஒடுங்கி நெடிதான சட்டத்துக்குள். அதில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்க இடமில்லை. ஆகவே இக்காலத்துக் கதாநாயகியிடம் காதலைத் தெரிவிக்க விரும்புகிறவன், அவளுக்குப் பின்னால் நின்று அவள் கொண்டையைப் பார்த்துத் தெரிவிக்கிறான். கூட்டுக் குடும்பக் கதை எடுக்க வேண்டுமானால் மாமியாரை மாடிப்படியில் ஏற்றி நிறுத்த வேண்டியதுதான். 2024 அக்டோபரில் கெடுவை மூன்று நிமிஷமாக நீட்டிவிட்டார்கள். கூடுதலாகக் கிடைத்த இரண்டு நிமிஷத்தைப் பிள்ளைகள் எதற்குச் செலவிடுவார்கள் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? கழுகு இருக்கிறது, யானை இருக்கிறது, பிரபஞ்சம் இருக்கிறது.

ஆகவே, நான் ஆரம்பத்தில் குறிப்பிட்ட யோசனை என்னவென்றால், அதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். ஆனால் மின்விசிறி இல்லாமல் எனக்குச் சிந்தனை ஓடுவதில்லை. அடுத்த படம் எங்கள் கூடத்தில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அனுமதி கொடுத்தது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. ‘லைவ் சவுண்ட்’ என்பதால், சென்னையின் மே மாத மத்தியானத்தில் விசிறியை அணைத்து, ஜன்னல்களைச் சாத்தி, கடிகாரத்தைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். தரை முழுவதும் தெர்மோகோல் உதிரி. சமையலறையில் பருப்பு வைத்திருக்கும் என் மனைவிக்கும் இயக்குநருக்கும் இடையே ராஜிப் பேச்சு நடக்கிறது.

“மூணு விசில் வந்தாத்தான் வேகும், தம்பி.”

“ஒரு விசில் விட்டுட்டு நிறுத்திடுங்க ஆன்ட்டி, டேக் முடிஞ்சதும் மீதி ரெண்டு வச்சுக்கலாம்.”

அவள் சம்மதித்துவிட்டாள். வெந்தும் வேகாத அந்தப் பருப்பைச் சாப்பிடப்போகிறவனை யாரும் கலந்துகொள்ளவில்லை. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, இயக்குநர் மட்டும் நுனிக்காலில் என்னிடம் வந்து காதோடு சொல்கிறான்: “அங்கிள், தப்பா நினைச்சுக்காதீங்க, நீங்க எழுதற சத்தம் மைக்ல விழுது.”