‘அசெம்பிளியாகத்தான் வரும்’

அனுப்புநர்
பதினேழு வயதுக் காரின் உரிமையாளர்,
கார் அனுமதித்தால் உள்ளே, இல்லையேல் வெளியே,
சென்னை.

பெறுநர்
உயர்திரு மேலாளர் அவர்கள்,
உதிரிபாகப் பிரிவு,
கார் தயாரிப்பு நிறுவனம் (வாரண்டிதான் போயிற்று, மரியாதையாவது இருக்கட்டும் என்று பெயர் தவிர்க்கப்படுகிறது).

பொருள்: ஓட்டுநர் கதவின் பூட்டு – முழு அசெம்பிளியாக மட்டுமே தரப்படும் எனத் தெரிவித்தமை – நன்றி நவிலல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் சர்வீஸ் சென்டரின் எஸ்டிமேட், நாள் குறிப்பிடாதது.

ஐயா,

2008-இல் தங்கள் காரை வாங்கிய புதிதில், ரிமோட்டை அழுத்தினால் நான்கு கதவும் ஒரே குரலில் ‘டக்’ என்று சொல்லும். தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்காகவே ஒருமுறை பூட்டி, திறந்து, மறுபடி பூட்டிவிட்டுப் போன காலமும் உண்டு.

இப்போது இரண்டு கதவு மட்டும் ‘டக்’ என்கிறது. ஓட்டுநர் கதவு தொண்டை கட்டியவர்போல ஏதோ முனகுகிறது. அடுத்த நொடியே பூட்டிய இரண்டும் தாமாகத் திறந்துகொள்கின்றன. தலைவர் கையெழுத்துப் போடவில்லை என்று தெரிந்ததும் உறுப்பினர்கள் கையெழுத்தை வாபஸ் வாங்குவதுபோல. பின்பக்க இடது கதவின் கோளாறு நேர் எதிர். அது பூட்டியே கிடக்கும். சென்ற மாதம் கல்யாண மண்டப வாசலில் எங்கள் அத்தை பட்டுப்புடவையோடு உள்ளேயே மாட்டிக்கொண்டார். முன்சீட்டிலிருந்து நான் எக்கி, பூட்டுக் குமிழைப் பல்லைக் கடித்துத் தூக்கிவிட்ட பிறகு இறங்கி வந்தவர், “நல்ல வண்டிடா, மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவளை ஜெயில்ல வெச்சிருச்சு” என்றார். அந்தப் பாராட்டு தங்களுக்கு உரியது, அனுப்பிவைக்கிறேன்.

தங்கள் சர்வீஸ் சென்டரில் டை கட்டிய தம்பி கதவைத் தொடவில்லை. கம்ப்யூட்டரைத் தொட்டார். “மோட்டார் தனியா வராது சார், லாக் அசெம்பிளியாத்தான் வரும். ஒண்ணு போனா மத்ததும் போகும், நாலையும் மாத்திடுங்க” என்றார். எஸ்டிமேட்டைப் பார்த்ததும் காரைப் பூட்டாமலே விட்டுவிடலாம் என்று தோன்றியது. திருடன் கொண்டுபோனால் இந்தச் செலவு அவனுடையதாகிவிடும்.

புதுப்பேட்டைக்குப் போனேன். பழைய வண்டிகள் அங்கம் அங்கமாகப் பிரிந்து கடை வாசலில் தொங்கும் அந்தத் தெருவில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன். அவர் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. அவரிடம் இருந்தது ஒரு டெஸ்ட் லேம்ப். முதலில் பின்கதவைத் திறந்து, கதவுக்கும் பில்லருக்கும் நடுவே போகும் ரப்பர் குழாயைப் பிதுக்கினார். கதவைத் திறக்கும்போதெல்லாம் வளைந்து நிமிரும் வயர்கள் அதற்குள் இருக்கின்றன. பதினேழு வருஷம் வளைந்ததில் ஒன்று, மேலுறை அறாமலே உள்ளே அறுந்திருந்தது. வெளியே பார்த்தால் பதவியில் இருப்பதுபோல இருக்கும், உள்ளே தொடர்பு கிடையாது. ஒட்டுப் போட்டார். இடது கதவு ‘டக்’ என்றது.

ஓட்டுநர் கதவில் டோர் பேடைக் கழற்றியபோது இரண்டு கிளிப் உடைந்தன. (கிளிப்பைத் தாங்கள் தனியாக விற்கிறீர்கள். இந்தத் தாராளத்துக்குத் தனி நன்றி.) கதவின் அடியிலிருக்கும் ஓட்டைகள் மண்ணடைத்துக் கிடந்தன. கண்ணாடி ஓரமாக உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் அவை வழியாகத்தான் வெளியேற வேண்டுமாம். கம்பியால் குத்தினார், கதவு ஒரு டம்ளர் பழைய மழையைத் துப்பியது.

இந்தக் கதவுக்கு மட்டும் ஐந்து வயர், மற்றவற்றுக்கு இரண்டிரண்டு. ஏன் என்று கேட்டேன். “ரெண்டு வேலை பாக்க, மூணு தகவல் சொல்ல” என்றார். தங்கள் அலுவலகத்தை நேரில் பார்த்திராத மனிதர் அவர். மோட்டார் பாதியில் நின்றுவிடுவதால், தகவல் சொல்லும் வயர்கள் ‘இன்னும் திறந்துதான் இருக்கிறது’ என்று கன்ட்ரோல் யூனிட்டுக்கு உண்மையைச் சொல்லிவிடுகின்றன. அது மற்ற மூன்றையும் திறந்துவிடுகிறது.

கடைசியில் தங்கள் அசெம்பிளி மேசைக்கு வந்தது. திருகு கிடையாது, ஒட்டி மூடியிருந்தது. ஆக்ஸா பிளேடால் அறுத்துத் திறந்தார். உள்ளே குழந்தைகளின் பொம்மைக் காரில் இருக்குமே, அந்த அளவில் ஒரு 12 வோல்ட் மோட்டார். அதன் கார்பன் தேய்ந்து கரியாகிக் கிடந்தது. நான்கு கதவுக்கும் எஸ்டிமேட் போட வைத்த குற்றவாளி கட்டைவிரல் அளவுகூட இல்லை! இன்னொரு செத்த லாக்கிலிருந்து உயிருள்ள மோட்டாரைப் பிடுங்கிப் பொருத்தி, பசை போட்டு மூடி, 350 ரூபாய் வாங்கினார். டீயும் வாங்கிக் கொடுத்தார்.

2022 ஜூலையில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. அந்தச் செய்தியைத் தாங்கள் படித்திருப்பீர்கள், அசெம்பிளியாக வந்திருக்காது என்பதால் பிரித்துப் படிக்கச் சிரமம் இருந்திராது. அதே 2022-இல்தான் 15 வயது முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. நானும் 2023-இல் கட்டி, ஐந்து வருஷம் ஆயுள் வாங்கியிருக்கிறேன். அரசாங்கமே ஓட்டலாம் என்று சொன்ன வண்டிக்கு, தாங்கள் ஒரு மோட்டார் தர யோசிக்கிறீர்கள்.

புதிதாக ஏதும் கேட்கவில்லை. அடுத்த காரில் அந்த மூடிக்கு நாலு திருகு மட்டும் வையுங்கள். செலவு அதிகம் என்றால் திருகை நான் வாங்கித் தருகிறேன், புதுப்பேட்டையில் கிலோக் கணக்கில் கிடைக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காருக்குள்ளிருந்து.

இணைப்பு: தீப்பெட்டி 1. உள்ளே பழைய மோட்டார். தனியாகப் பெற்றுக்கொள்ள விதியில் இடமில்லை எனில் தெரிவிக்கவும், கதவோடு அனுப்புகிறேன்.

நகல்: அத்தைக்கு, தகவலுக்காக.