மீதிப் பன்னிரண்டு

கோல்ஃப் கிளப்பில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் ஊர், உத்தியோகமெல்லாம் பிறகுதான். முதல் கேள்வி, "உங்க ஹேண்டிகேப் என்ன சார்?" பதினெட்டு என்றால், பார் 72 மைதானத்தை, அதாவது கைதேர்ந்தவர் 72 அடியில் முடிக்கும் மைதானத்தை, ஏறக்குறைய 90 அடியில் முடிக்கக்கூடியவர் என்று கணக்கு. பத்துக்குக் கீழே சொன்னால் உட்கார நாற்காலி வரும். முப்பது என்றால் ஆறுதல் வரும். ஆளைத் தசமப் புள்ளி வரைக்கும் எடை போட்டுவிடும் எண் இது என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. என் எண்ணையும் எனக்குத் தெரியும், மாதாந்திர மெடல் போட்டியில் ஆடும் என்னையும் எனக்குத் தெரியும். இருவரும் வேறு வேறு ஆட்கள்.

அந்த எண் பிறக்கும் விதத்தைப் பாருங்கள். 2020இல் கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் யுஎஸ்ஜிஏவும் சேர்ந்து உலகம் முழுமைக்கும் ஒரே ஹேண்டிகேப் முறையைக் கொண்டுவந்தன. கடைசி 20 ஆட்டங்களை மைதானத்தின் கடினத்துக்கு ஏற்பச் சரிக்கட்டி, அவற்றில் சிறந்த 8 ஆட்டங்களின் சராசரியை எடுக்கிறார்கள். மீதி 12 ஆட்டங்கள் சராசரியில் சேராது. இப்படி மார்க் போடும் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் நான் மாநிலத்தில் முதலாவதாக வந்திருப்பேன். ஆக, எல்லாம் கூடிவந்த நாளில் நாம் எப்படி ஆடுவோம் என்பதுதான் ஹேண்டிகேப்.

எல்லாம் கூடிவரும் நாள் ஞாயிற்றுக்கிழமை. பந்து குழிக்கு நாலடி தூரத்தில் நின்றால், "எடுத்துக்குங்க சார்" என்பார் எதிராளி. அவருடைய பந்தும் நாலடியில்தான் நிற்கிறது. நாமும் அதையே சொல்வோம். இந்தப் பெருந்தன்மைக்குப் பெயர் கிம்மீ. நேருக்கு நேர் ஆட்டமென்றால் விதிப்புத்தகமும் இதற்கு உடந்தை. விட்டுக்கொடுத்த பந்து குழியிலிருந்து 5 அடி தூரத்துக்குள் இருந்தால், ஹேண்டிகேப் கணக்குக்கு ஒரே ஒரு அடியைச் சேர்த்துக்கொண்டால் போதும். தொழில்முறை பிஜிஏ டூர் வீரர்களே ஐந்தடி தூரத்திலிருந்து ஏறக்குறைய நாலில் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். எங்கள் கோஷ்டி தவறவிட்டதே இல்லை. அடித்தால்தானே தவறும்!

மெடல் போட்டியில் யாரும் எதையும் விட்டுக்கொடுக்க முடியாது. ஒவ்வொரு பந்தும் குழிக்குள் விழுந்தாக வேண்டும். சியான் பெய்லாக் என்ற உளவியலாளர், நெருக்கடியில் ஆட்டம் தடுமாறும் விஷயத்தை கோல்ஃப் ஆட்டக்காரர்களை வைத்தே ஆராய்ந்திருக்கிறார். பழகிய கை தானாகச் செய்யும் வேலையை, நெருக்கடியில் மூளை மேற்பார்வை பார்க்க வந்தால் காரியம் கெடும் என்கிறார். என் மூளை மாதம் முழுக்க லீவில் இருந்துவிட்டு, சரியாக மெடல் காலையில், ஆட்டம் தொடங்கும் முதல் டீயில் ஆஜராகும். "மணிக்கட்டு எங்கே? முழங்கால் ஏன் இப்படி? அந்த கிளப் செயலாளர் ஏன் நம்மையே பார்க்கிறார்?" என் பையைச் சுமக்கும் கேடிக்கு எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை. "இன்னிக்கு மெடலா சார்? அப்போ பந்து இன்னும் நாலு எடுத்து வச்சுக்கறேன்" என்பார்.

நெருக்கடி ஆட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுப்பதில்லை. ஒரே குழியில் மொத்தமாகக் கவிழ்த்துவிடும். தண்ணீரில் ஒன்று, மரத்தில் ஒன்று, மணலில் மூன்று என்று பார் 4 குழியில் 11 ஆகிவிடும். போட்டியில் அது 11தான். ஹேண்டிகேப் கணக்கிலோ ஒவ்வொரு குழிக்கும் உச்சவரம்பு உண்டு. பாருக்கு மேல் இரண்டு, அந்தக் குழியில் நமக்குள்ள சலுகை அடி ஒன்று, ஆக பதினெட்டுக்காரருக்கு 7. மிச்ச நாலு அடியைக் காணோம். நடுக்கத்தின் தடயத்தைத் துடைத்துவிட்டுத்தான் எண்ணையே தயாரிக்கிறார்கள்.

இந்த உச்சவரம்புச் சலுகை ஒருவருக்குக் கிடைத்திருந்தால் சரித்திரமே மாறியிருக்கும். 1999 பிரிட்டிஷ் ஓபனில், கார்னூஸ்டி மைதானத்தில், பிரான்ஸின் ழான் வான் டி வெல்ட் மூன்று அடி முன்னிலையோடு கடைசிக் குழிக்கு வந்தார். பார் 4. 6 அடித்தாலும் கோப்பை அவருக்குத்தான். பந்து பார்வையாளர் மாடத்தில் மோதித் திரும்பியது. அப்புறம் ஓடையில் விழுந்தது. மனிதர் ஷூவைக் கழற்றிவிட்டு ஓடைக்குள்ளேயே இறங்கிவிட்டார். கடைசியில் 7. பிளேஆஃபில் பால் லாரி ஜெயித்தார். பூஜ்ய ஹேண்டிகேப்காரருக்குப் பார் 4 குழியில் உச்சவரம்பு எவ்வளவு தெரியுமா? 6. எங்கள் கிளப் கணக்குப்படி வான் டி வெல்ட்தான் சாம்பியன்!

நெருக்கடியில் தங்கமாக ஆடுகிறவர்களும் உண்டு. அவர்களில் சிலர் 22 என்று பதிந்துவைத்துக்கொண்டு பரிசு நாளில் மட்டும் 12காரர்களாக மாறுவார்கள். இவர்களுக்கு சாண்ட்பேகர் என்று பெயர். விதி இவர்கள்மேல் ஒரு கண் வைத்திருக்கிறது. தன் எண்ணைவிட 7 அடி குறைவாக ஆடினால் ஒன்றை வெட்டும், 10 அடி குறைந்தால் இரண்டு. மோசமாக ஆடுபவனை மட்டும் நம்ப மறுக்கிறது. ஒரு வருஷத்தில் நாம் எட்டிய குறைந்தபட்ச எண்ணுக்கு மேல் 5 வரைதான் ஏற விடும். நான் எவ்வளவு சொதப்பினாலும், "உனக்குத் திறமை இருக்கிறது" என்று அடம்பிடிக்கும் ஒரே ஜீவன் அந்தக் கம்ப்யூட்டர்தான்.

ஹேண்டிகேப் பொய் சொல்கிறது என்று நான் குற்றம் சாட்டவில்லை. கத்துக்குட்டியும் கெட்டிக்காரரும் ஒன்றாக ஆடி, இருவருமே ஜெயிக்கும் ஆசையோடு வீடு திரும்ப அதுதான் வழி செய்கிறது. அது திறமையை அளக்கிறது. தைரியத்தையும் அளப்பதாக அது எந்த நாளும் வாக்குக் கொடுத்ததில்லை. எனவே யாராவது தன் ஹேண்டிகேப் பன்னிரண்டு என்று சொன்னால் தாராளமாகப் பாராட்டுங்கள். அவரோடு பந்தயம் கட்டுவதாக இருந்தால் மட்டும், அவருடைய கேடியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.