கம்பெனி ராஜ்யம்

கேள்வி: எதிர்காலக் கதைகளில் எல்லாம் கம்பெனிகள்தான் நாட்டை ஆள்கின்றன, அரசாங்கம் கைகட்டி நிற்கிறது. ஜொகூரிலும் அப்படி ஒரு காலம் வருமா?
(ஸ்கூடாய் வாசகர்)

பதில்: வருமாவா? வந்துவிட்டுப் போயே விட்டது ஐயா! 19ஆம் நூற்றாண்டில் ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராஹிம், மிளகும் கம்பிரும் பயிரிடச் சொல்லி ஆற்றங்கரைகளைச் சீன முதலாளிகளுக்கு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டுக்கு 'சூராட் சுங்கை' என்று பெயர், வாங்கியவர் 'காங்சூ'. அபின், சாராயம், சூதாட்டம், அடகுக்கடை, பன்றி இறைச்சி எல்லாம் அவர் ஏகபோகம். கூலியாள் பகலில் சம்பாதித்ததை ராத்திரி முதலாளியின் அபின் கடையிலேயே ஊதித் தீர்ப்பான். சம்பளம் கொடுத்த கையைக் கழுவுவதற்குள் காசு கல்லாவுக்குத் திரும்பிவிடும். வரி வசூலும் அவரே, ஊர் நியாயமும் அவரே. 1917இல்தான் இந்த முறைக்கு மூடுவிழா. இதைவிடப் பெரிதாக எந்தக் கதாசிரியர் கற்பனை செய்துவிட்டார்?

இப்போதைய கதை வேண்டுமானால் ஃபாரஸ்ட் சிட்டி. கேலாங் பாத்தா பக்கம் கடலைத் தூர்த்து 7 லட்சம் பேரைக் குடிவைப்பதாகச் சொன்னது சீனாவின் கண்ட்ரி கார்டன். சுற்றுச்சூழல் அறிக்கைக்கு ஒப்புதல் வந்தது 2015இல். மண் கொட்டத் தொடங்கியதோ 2014இலேயே! சிங்கப்பூர் கேள்வி கேட்ட பிறகுதான் நம்மவர்களுக்கும் விழிப்பு வந்தது. 2023இல் அந்தக் கம்பெனியே கடன் கட்ட முடியாமல் விழி பிதுங்கியது. மறுவருஷம் அரசாங்கம் கைகொடுக்க ஓடிவந்தது: பெரும்பணக்காரக் குடும்பங்கள் அங்கே முதலீட்டு அலுவலகம் திறந்தால் வரி பூஜ்யமாம். நீங்கள் ஆசைப்பட வேண்டாம், வருமான வரி பாரத்தைத் தேதி தவறாமல் அனுப்பிவிடுங்கள்.