பலகைக்கும் பட்டின் பக்குவம்

கேள்வி: காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுச்சேலைக் கடை வைத்திருக்கிறேன். வாசலில் உள்ள அக்ரிலிக் பெயர்ப்பலகை மங்கிவிட்டது. தின்னர் போட்டுத் துடைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம்! பட்டை அடித்துத் துவைக்காதீர்கள் என்று நாள்தோறும் சொல்பவர் நீங்கள். உங்கள் பலகையும் அதே ரகம்தான். தின்னர் பட்டால் அக்ரிலிக் வெளுத்து மயிரிழை விரிசல் விடும். காய்ந்த துணியால் தேய்த்தாலும் மண்துகள் கீறிவிடும். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவுங்கள். பிறகு சோப்பு நுரையும் பழைய பருத்தி வேட்டித் துணியும் போதும். உச்சி வெயிலில் செய்தால் சோப்பு திட்டுத் திட்டாகக் காயும்.

உள்ளே எல்.இ.டி. விளக்கு இருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஏறுங்கள். பக்கத்தில் மின்கம்பி போனால் இரும்பு ஏணியைத் தொடவே தொடாதீர்கள். பலகையைவிட ஏறுகிற பையன் முக்கியம். ஐப்பசி மழைக்கு முன், பெட்டியின் அடியில் தண்ணீர் வடியும் துளை அடைத்திருக்கிறதா பாருங்கள்.

வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கு வரும்போது ஊரே அண்ணாந்து பார்க்கும். அதற்கு முந்தின வாரமே வேலையை முடித்துவிடுங்கள். ஏறியது ஏறினீர்கள், எழுத்தின் அளவையும் பாருங்கள்: தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்பது தமிழ்நாட்டு விதி. ஐந்து பங்குக்குத் துடைக்கத் துணி சற்று அதிகம் வேண்டும், சந்தோஷமாகத் துடையுங்கள்!