நாலாம் ஆள் இயல்

இவ்வியல் என்னுதலிற்றோ எனின், கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை வண்டியில், மூவர் அமரும் பலகையில் நாலாவதாக ஒருவர் உட்காரும் உரிமை எங்கிருந்து வந்தது என்று ஆராய்தல் நுதலிற்று.

பயண இலக்கியத்தில் இதற்கு விடை இல்லை. யுவான் சுவாங் காலத்தில் ரயில் இல்லை. காந்தி படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்த ஏ.கே. செட்டியாருக்குக் கப்பலிலேயே பாதிப் பொழுது போயிற்று. இன்றைய யூடியூப் பயணிகளோ, 2018இல் 'கே.ஜி.எஃப்' படம் வந்தபின் தங்கவயலுக்குக் காரில் வருகிறார்கள். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டில் கையை விரித்து ஒரு படம், கோடிலிங்கேஸ்வரர் கோயிலில் ஒரு படம், ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பிரியாணி. இருட்டுமுன் பெங்களூர் திரும்பி, "யாரும் அறியாத ஊர்" என்று தலைப்புப் போடுகிறார்கள். அறிந்தவர்கள் அந்நேரம் வண்டியில் நின்றுகொண்டிருப்பதால் மறுக்க ஆளில்லை.

யார் பெரிய பயணி என்பதை முதலில் கணக்கால் தீர்த்துவிடலாம். மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் சிட்டி ஏறத்தாழ 85 கி.மீ. போகவர 170. ஆண்டுக்கு 300 நாள் வேலை என்றால் 51,000 கி.மீ. பூமியின் சுற்றளவு 40,075. ஆக, ஒயிட்ஃபீல்டு பக்கம் செக்யூரிட்டி வேலை பார்க்கும் சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் லைன்காரர் ஒருவர் ஆண்டுதோறும் உலகத்தை ஒரு சுற்று முடித்து, அடுத்த சுற்றில் கால்வாசி போகிறார். அவரிடம் "ஊர் சுற்றிய அனுபவம் உண்டா?" என்று கேட்டால், "எங்க சார், டைமே இல்ல" என்பார்.

இனி நாலாம் ஆள். அவர் பலகை ஓரத்தில் வந்து நிற்பார். "அண்ணா, கொஞ்சம்..." என்பார். வினைச்சொல் சேர்ப்பது புதுமுகங்களின் வழக்கம். உடனே ஜன்னலோர ஆள் சுவரோடு ஒட்டுவார். நடு ஆள் முன்னால் குனிவார். மூன்றாமவர் பின்னால் சாய்வார். மூன்று தோளும் ஒரே கோட்டில் இருந்தால் இடம் பிறக்காது. ஒன்று முன், ஒன்று பின் என்று கலைந்தால்தான் பிறக்கும். அந்த இடைவெளியில் நாலாமவர் ஒருபக்க இடுப்பை மட்டும் இறக்குவார். ஒரு கால் நடைபாதையில், டிபன் பை மடியில். ஏட்டுச்சுவடிக்காரர்கள் இதை இடைச்செருகல் என்று தள்ளிவிடுவார்கள். வண்டியில் இதுவே மூலபாடம். (கர்ச்சீப் போட்டு இடம் பிடிக்கும் மரபு வேறு, அதில் சண்டை அதிகம், சாத்திரம் குறைவு. மகளிர் பெட்டியின் முறைகள் இன்னும் நுட்பமானவை என்று கேள்வி. ஆய்வாளருக்கு அங்கே அனுமதி இல்லை.)

இத்திறனின் மூலம் எது? அதைச் சுரங்கத்துக்குள் தேடவேண்டும் என்பது என் துணிபு. பங்காரப்பேட்டையிலிருந்து இந்தக் கிளைப்பாதை 1894இல் வந்தது. அதற்கு முன்பே, 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே குழி தோண்டத் தொடங்கிவிட்டது. வடாற்காட்டிலிருந்தும் சேலம் பக்கமிருந்தும் வந்தவர்கள் கேஜில் ஏறி இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் 3 கி.மீ.க்கும் கீழே போன சுரங்கம். அடியில் பாறையே சுடும். அந்த இரும்புக்கூண்டில் ஷிஃப்டுக்கு இறங்குகிறவர்கள் நெருக்கி நின்றால்தான் எல்லாருக்கும் இடம். தாத்தா செங்குத்தாகக் கற்ற நெருக்கத்தைப் பேரன் கிடைமட்டமாகச் செய்கிறான். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அன்றோடு ஊரின் பயணத்திசை 90 டிகிரி திரும்பியது. கிலோமீட்டர் கூடியது, கூலி கூடியதா என்பது இவ்வியலின் எல்லைக்கு வெளியே. ஆனால் வண்டியில் அதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

பெங்களூர் பஸ்ஸிலும் நெருக்கம் உண்டே என்று எதிர்க்கட்சியார் கேட்பர். அங்கே கண்டக்டர் தள்ளுகிறார், ஜனம் தள்ளப்படுகிறது. இங்கே யாரும் சொல்லாமல் மூன்று தோள்கள் கலைகின்றன. இரண்டும் ஒன்றல்ல.

மற்ற மூவருக்கு இதில் என்ன லாபம் என்பது கடைசிக் கேள்வி. விடை மாலை வண்டியில் கிடைக்கிறது. மாலூர் தாண்டுவதற்குள் பலகை முழுக்கத் தூக்கம். மாரிகுப்பத்துக்காரருக்குக் கவலை இல்லை; அதற்கப்பால் வண்டி போகாது. அதற்கு முன்பே உரிகத்தில் இறங்குகிறவர் பக்கத்து ஆளிடம் "எழுப்பிவிடு மச்சான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறார். மச்சானும் மூடுகிறான். அரை இடுப்பில் தொங்கும் நாலாமவருக்கு மட்டும் தூக்கம் வராது, கண் அசந்தால் விழுந்துவிடுவார். ஆகவே உரிகம் வந்ததும் எழுப்புகிறவர் அவர்தான். எழுந்தவரின் இடமும் அவருக்கே.