சாயம் போனால் ஸ்டைல்

அமெரிக்காவில் வசந்தம் வந்தால் மரம் துளிர்க்கிறதோ இல்லையோ, துணிக்கடைகளில் கட்டம் போட்ட சட்டை துளிர்த்துவிடும். அதற்குப் பெயர் 'மெட்ராஸ்'. ஊர்ப்பெயரை நாம் 1996-இல் மாற்றிவிட்டோம்; சட்டைக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

1960-களில் அங்கே விற்பனையான இந்தக் கைத்தறித் துணி, தண்ணீரைக் கண்டதும் சாயத்தைக் கக்கியது. நம்மூராக இருந்தால் வாளியோடு கடை வாசலுக்கே போயிருப்பார்கள். அங்கே விளம்பரக்காரர்கள் முந்திக்கொண்டார்கள்: 'சாயம் போகும், அதற்கு நாங்கள் உத்தரவாதம்!' ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புதுச் சட்டை என்று கல்லூரிப் பையன்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். வெள்ளை வேட்டி ரோஜா நிறத்தில் வெளியே வரும்போது நம் வீட்டில் யாருக்கும் இந்த ஞானம் உதித்ததில்லை.

2018-இல் ஸாரா நிறுவனம் ஒரு கட்டம் போட்ட பாவாடையைச் சுமார் 70 பவுண்டுக்கு விற்றது. படத்தைப் பார்த்த நம்மவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னது ஒரே வார்த்தைதான்: லுங்கி!

நமக்கும் இளவேனில் உண்டு, சித்திரை, வைகாசி. கத்திரி வெயிலும் அதற்குள்தான் அடக்கம். அந்த நாட்களில் திண்ணையில் லுங்கி கட்டிக்கொண்டு விசிறியோடு உட்கார்ந்திருக்கும் பெரியப்பாதான் என் கணக்கில் வசந்தகால ஃபேஷனின் மூலவர். மடித்துக் கட்டினால் மினி, இறக்கிவிட்டால் மேக்ஸி. விலைச்சீட்டு ஒன்றுதான் பாக்கி.