மாத மளிகைச் செலவில் வரம்பு காத்தல்: ஒரு பன்முக நோக்கு (மிக்ஸரைச் சிறப்பாகக் கருதி)

மளிகைச் செலவை மாத வரம்புக்குள் நிறுத்துவது பற்றித் தமிழில் இதுவரை முறையான ஆய்வு எதுவும் வெளிவரவில்லை. நூலகத்தில் தேடினால் வெளிவந்திருப்பது தெரிந்துவிடும் என்பதால் இவ்வாய்வாளர் தேடவில்லை. துறையில் இதுவே நடைமுறை.

ஆய்வின் கருதுகோள் வருமாறு: மளிகை வரம்பு எந்த வீட்டிலும் எந்த மாதத்திலும் மீறப்படுவதில்லை. மீறியதாகத் தோன்றும் தொகை, மாதக் கடைசியில் கூர்ந்து நோக்கினால், மளிகையே அன்று என்பது புலப்படும். 5,000 ரூபாய் என்று முடிவு செய்த வீட்டில் 6,400 ஆகிவிட்டால், மிகுந்த 1,400 ரூபாய் மருத்துவமாகவோ பக்தியாகவோ விருந்தோம்பலாகவோ இருந்திருக்க வேண்டும். சுக்கு, திப்பிலி, தேன் மருத்துவம். கற்பூரம், ஊதுபத்தி, நெய் பக்தி. அந்த நெய்யின் பெரும்பகுதி பொங்கலில் விழுந்தது என்பது உண்மையே. பொங்கலை முதலில் சாமிக்குக் காட்டினோம் என்பதும் உண்மையே.

இனி மூலங்கள். சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பிக்கும் முன் உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். நமக்கு அலைச்சல் குறைவு. மளிகைச் சிட்டைகள் ஃப்ரிட்ஜின் தலையிலும், காலண்டர் ஆணியிலும், மஞ்சப்பையின் அடியிலும் கிடைத்தன. எண்ணெய் பட்ட சிட்டை 'எ' பிரதி. நனைந்து உலர்ந்தது 'ந' பிரதி. சட்டைப்பையோடு சலவைக்குப் போய்த் திரும்பியது 'ச' பிரதி. 'ச' பிரதியில் எழுத்து எதுவும் இல்லை. எனினும் பாடபேதம் காண அது பெரிதும் உதவியது.

முன்னோர் கருத்தைத் தொடாமல் எந்தக் கட்டுரையும் பட்டத்துக்குத் தகுதி பெறாது. வருமானம் உயர உயர அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு குறையும் என்று 1857இல் சொன்னவர் ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல். (இவரை மார்க்ஸின் நண்பர் எங்கெல்ஸாக மாற்றி மேற்கோள் காட்டினால் கட்டுரைக்கு இன்னும் கனம் கூடும், செய்யலாம், யாரும் சரிபார்ப்பதில்லை.) 2023-24ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பும் எங்கலை மறுக்கவில்லை. உணவின் பங்கு கிராமத்தில் 47.04 விழுக்காடு, நகரத்தில் 39.68. ஆனால் அந்த உணவுக்குள் எது பெரிது என்று பார்த்தால், இரண்டு இடத்திலும் முதலில் நிற்பது அரிசியும் அன்று, பருப்பும் அன்று. பானங்கள், பதப்படுத்திய உணவு என்ற தலைப்பு. நம் ஆய்வு எங்கே போய் நிற்கப் போகிறது என்பதை இது முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறது.

பொருள்களை வகைப்படுத்துவோம்.

உப்பு: ஆய்வுக்கு இடமில்லை.

புளி: ஆண்டுக்கொருமுறை வாங்கப்படுவதால் அது முதலீடு.

முந்திரி: தீபாவளிக் கணக்கு, எந்த மாதத்தில் வாங்கினாலும்.

எண்ணெய்: இது அளவையியலைச் சேர்ந்தது. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் எடை நிற்கும். சிட்டையில் 'ஒரு பாக்கெட்' என்று எழுதும்போது எழுதுபவர் மனத்தில் இருப்பது லிட்டர். அலமாரியில் நிற்பது 850 கிராமாகவோ 800 கிராமாகவோ இருக்கலாம், உருவம் ஒன்றே. கிராமுக்கு எவ்வளவு என்றும் உறையில் அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது, அச்சிடுகிறார்கள். அதைப் படிப்பதற்கான கண்ணாடி மருத்துவச் செலவு.

ரேஷன்: தமிழ்நாட்டில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன; அரிசிக்கு விலையே இல்லை. இதே பருப்பைக் கடையில் வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்கிட்டு, வித்தியாசத்தை மிச்சம் என்று எழுதி, அந்த மிச்சத்தில் பாதாம் வாங்குவது மரபு. இதனைக் கருத்தியல் மிச்சம் என்க. சூப்பர் மார்க்கெட் பில்லின் அடியில் 'நீங்கள் சேமித்தது' என்று அச்சாகும் தொகையும் இவ்வினத்தைச் சேர்ந்தது. சில வீடுகளில் அத்தொகை வரவுப் பக்கத்தில் ஏறியிருப்பதை 'எ' பிரதி காட்டுகிறது (காண்க: சிட்டையின் பின்பக்கம், மஞ்சள் கறைக்குத் தென்கிழக்கே).

இனி மிக்ஸர்.

மிக்ஸர் மளிகையா? இக்கேள்விக்கு விடை காணாமல் எந்த மாதமும் முடிவதில்லை. இதில் மூன்று பள்ளிகள் உள்ளன. முதலாவது மூலப்பொருள் பள்ளி. கடலை மாவு மளிகை, எண்ணெய் மளிகை, வேர்க்கடலை மளிகை, பொட்டுக்கடலை மளிகை, பெருங்காயம் மளிகை. ஆதலால் மிக்ஸரும் மளிகை என்பர் இவர்கள். கறிவேப்பிலையை என்ன செய்வது என்று கேட்டால், அது காய்கறிக்காரர் இலவசமாகக் கொடுத்தது என்று நழுவுவர். இரண்டாவது பயன்பாட்டுப் பள்ளி. யார் தின்றார் என்பதே இவர்களுக்கு முக்கியம். விருந்தாளி தின்றால் விருந்தோம்பல். வீட்டார் தின்றால், விருந்தாளிக்காக வாங்கியதைத் தின்றதால், அப்போதும் விருந்தோம்பலே. இப்பள்ளியின் அடிப்படை நூல் வாய்மொழியாகவே வழங்குகிறது:

"ஏங்க, இது எந்தக் கணக்கு?"

"யாராவது வந்தா வெறும் காபியா குடுக்க முடியும்?"

"யாரு வர்றா?"

"வந்தா."

(காண்க: சமையலறை வாசல் விவாதங்கள், இரண்டாம் மாலை, மிக்ஸி நின்ற பின் தொடங்கும் பகுதி.) கடைசிச் சொல்லின் நிபந்தனைப் பொருளை எதிர்வீட்டு அக்கா மரபினர் ஏற்பதில்லை. அவர்கள் பாடத்தில் 'வருவாங்க' என்றே இருக்கிறது. ஆனால் அது இடைச்செருகல் என்பதற்குக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட சான்று உண்டு.

மூன்றாவது கால ஆராய்ச்சிப் பள்ளி. 25ஆம் தேதிக்குப் பிறகு வாங்கிய மிக்ஸர் அடுத்த மாதத்தைச் சேர்ந்தது என்பது இவர்கள் கொள்கை. சம்பளம் வரும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணித்தால் 22ஆம் தேதி வரைகூடக் கொண்டுபோகலாம் என்று இளைய ஆய்வாளர்கள் துணிகின்றனர். எதையும் முடிந்தவரை பின்னுக்குத் தள்ளிக் காலம் காட்டுவதில் நம் அறிஞர்களுக்கு உள்ள ஆர்வம் தெரிந்ததே.

சான்றுக்கு வருவோம். 'ந' பிரதியின் ஏழாம் வரியில் 'மி ¼' என்று காணப்படுகிறது. இது மிளகா, மிளகாயா, மிக்ஸரா? கால் கிலோ மிளகு வாங்கும் வசதி அந்த வீட்டுக்கு இருந்ததில்லை. மிளகாய் அதே சிட்டையின் மூன்றாம் வரியில் முழுதாக எழுதப்பட்டிருக்கிறது. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் இல்லை என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். 'மி'யில் தனி மெய்யெழுத்து இல்லை. ஆயினும் நினைவில் கொள்ள வேண்டும். அண்ணாச்சி கடைப் பற்று நோட்டில் அதே நாளில் 'காரம் ¼' என்ற பதிவு உள்ளது (காண்க: நோட்டு, நீல அட்டை, சோப்புக் கணக்குக்கும் அடித்து எழுதிய பழைய பாக்கிக்கும் இடையில், அண்ணாச்சி மகன் கையெழுத்து, ஒப்புநோக்குக: அதே பக்கத்தில் அண்ணாச்சி பென்சிலால் இட்ட கேள்விக்குறி). இவ்விரண்டையும் பொருத்தி, 'மி' மிக்ஸரே என இவ்வாய்வாளர் துணிகிறார். மிக்ஸர் என்று முழுதாக எழுதக் கூசிய கை அது.

இதெல்லாம் வெட்டி வேலை என்று கருதுவோர் வரிச்சட்டத்தைப் பார்க்கட்டும். சரக்கு மற்றும் சேவை வரி அட்டவணையில் நம்கீன், புஜியா வரிசையில் மிக்ஸர் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. பொட்டலமிட்டுப் பெயர் அச்சிட்ட மிக்ஸருக்கு 12 விழுக்காடு, அண்ணாச்சி தாளில் மடித்துத் தந்தால் 5 விழுக்காடு என்று இருந்து, 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டும் 5 ஆயின. பாப்கார்னுக்கோ 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய வரி மன்றம் விளக்கமே தந்தது: உப்புக்காரம் போட்டது உதிரியாக விற்றால் 5, உறையிட்டுப் பெயர் ஒட்டினால் 12, சர்க்கரை உருக்கிப் பூசினால் 18. ஒரு நாட்டின் நிதியமைச்சர்கள் கூடி உட்கார்ந்து பொரியை மூன்று சாதியாகப் பிரிக்கும்போது, ஒரு குடும்பத் தலைவி மிக்ஸரை மூன்று கணக்கில் எழுதக் கூடாதா?

கருதுகோளுக்கு இதைவிடப் பெரிய ஆதாரமும் தில்லியிலேயே கிடைக்கிறது. இந்திய உணவுக் கழகத்துக்குக் கொடுக்க வேண்டிய உணவு மானியத்தின் ஒரு பகுதியை மத்திய அரசு சில ஆண்டுகள் பட்ஜெட்டில் காட்டாமல், சிறுசேமிப்பு நிதியிலிருந்து கழகத்தைக் கடன் வாங்க வைத்தது. அரிசி வந்தது, கோதுமை வந்தது, செலவு மட்டும் வேறொருவர் பெயரில் நின்றது. 2021-22 பட்ஜெட்டில்தான் அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. நம் வீடுகளில் இந்த இடத்தில் நிற்பவர் அண்ணாச்சி. அவருக்கு வட்டியும் கிடையாது.

இக்கட்டுரை ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசிக்கப்பட இருக்கிறது. பதிவுக் கட்டணம் கட்டியவர்கள் ஆளுக்கு ஐந்து நிமிடம் தத்தம் கட்டுரையைப் படித்துவிட்டுச் சாப்பாட்டு வரிசைக்கு ஓடுவதும், வெளிநாட்டிலிருந்து ஒருவர் காணொளியில் தோன்றி 'கேட்கிறதா, கேட்கிறதா' என்பதும் சேர்ந்தால் அது பன்னாட்டு. கட்டுரைத் தொகுப்புக்கு ஐஎஸ்பிஎன் எண் உண்டு. வாசகர் உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.

மேலாய்வுக்கு இடம் நிறைய இருக்கிறது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற பிஸ்கட்டில் எது வாங்கியது, எது இலவசம், குழந்தைகள் முதலில் தின்றது எது, இரண்டாவதைக் கணக்கில் எழுதாமல் விடலாமா என்பவை இன்னும் தீராத சிக்கல்கள். பேரங்காடியில் கொத்தமல்லிக் கட்டு ஒன்று வாங்கப் போனவர் தள்ளுவண்டி எடுப்பது ஏன் என்பதை உளவியல் துறையினர் பார்த்துக்கொள்வர்.

இவ்வாய்வுக்கான தாள், பேனா, மூலப்பிரதிகளை ஒப்புநோக்கிய இரவுகளில் தேவைப்பட்ட அரைக் கிலோ மிக்ஸர் ஆகியவற்றின் செலவு 'கல்வி' என்ற தலைப்பில் எழுதப்பட்டுள்ளது.